மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்கள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் முதலியன யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களையும் யப்பானிய மோட்டார் சைக்கிள்களையும் வைத்திருந்தவர்கள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டத் தொடங்கினர். நிலாவரைக் கிணற்றால் பெயர்பெற்ற புத்தூர் போன்ற செம்மண் ஊர்களுக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. தோட்டத்துக்கு நீர் இறைத்த சிறிய இயந்திரங்கள் பல, பெற்றோலில் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகையிலேயே செய்யப்பட்டிருந்தன. ஆனால் மண்ணெண்ணெய்க்கென்று வடிவமைக்கப்படாத காரையோ மோட்டார் சைக்கிளையோ வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்த முனைந்தவர் எதிர்கொண்ட தொல்லை வேறு.

எரிபொருளை ஆவியாக்கிக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குள் அனுப்பும் உறுப்பான காபரேற்றர், பெற்றோலின் இயல்பை எண்ணிச் செய்யப்பட்டது. பெற்றோலின் ஏறக்குறைய பாதி 100 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகிவிட, மண்ணெண்ணெயோ பெரும்பாலும் 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்குகிறது; ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதைக் கொண்டு கிளம்பாது. சிறு போத்தலில் பொன்போலப் பேணிய பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, இயந்திரம் நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருந்து எரிபொருளை மாற்றவேண்டியிருந்தது. பெற்றோலுக்கு மாற்றாமல் நிறுத்திவிட்டால் காபரேற்றரில் தேங்கிய மண்ணெண்ணெயை வடித்தகற்றும்வரை வண்டி அசையாது. இயந்திரத்துக்குள் புகும் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் அமுக்க விகிதம் ஏ40 போன்ற கார்களில் ஏறத்தாழ 7 ஆகத் தாழ்ந்திருந்ததால் அவை ஓரளவு தாக்குப்பிடித்தன. விகிதம் உயர்ந்த இயந்திரங்களிலோ எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்தெரிந்து, சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது.

வீட்டில் திருத்துபவரை உண்மையில் சலிப்படையச் செய்வது, கோளாறு தென்படும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் ஒன்றாக இல்லாமையே. வண்டி இழுவை குன்றி வெண்புகை கக்கும்போது, தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதில் கரி படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினால் சிறிது தூரம் நன்றாக ஓடி மறுபடியும் அதே நிலைக்கு வரும். ஏனெனில், எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியில் உள்ள எஞ்சின் ஓயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த ஓயில் உராய்வைத் தடுக்க மாட்டாமையால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான றிங்குகள் தேய்கின்றன. தேய்ந்த றிங்குகளின் வழியே மேலேறிய ஓயில் எரிந்து பிளக்கில் மேலும் கரியைப் படியவைக்கிறது. பிளக்கை எத்தனை முறை துடைத்தாலும் இந்தச் சுழற்சி அறுபடாது. றிங் மாற்றுவதற்கோ இயந்திரத்தை முழுதாகப் பிரிக்கவேண்டும், புதிய றிங்கும் கிடைக்கவேண்டும். முன்னையது உழைப்பால் கூடும். பின்னையது தடைப்பட்டியலில் இருந்தது.

கருவிகளும் கைகொடுக்கவில்லை. பிரித்தானியக் கார்களின் நட்டுகள் அங்குலக் கணக்கிலும் யப்பானிய வண்டிகளின் நட்டுகள் மில்லிமீற்றர்க் கணக்கிலும் அமைந்தவை. அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர் ஆதலால் 13 மில்லிமீற்றர்ச் சாவி அந்த நட்டில் பொருந்துவதுபோலத் தோன்றும். துருப்பிடித்து இறுகிய நட்டில் பலமாகத் திருகும்போதோ அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளியே மூலைகளை மழுக்கிவிட, பின்னர் எந்தச் சாவியும் அதைப் பிடிக்காது.

அக்காலத்துத் திருத்தக்காரரின் கெட்டித்தனம் இன்று பெருமையோடு நினைவுகூரப்படுகிறது, அது நியாயமானதே. ஆயினும் மண்ணெண்ணெயில் ஓடிய ஒவ்வொரு மைலும் இயந்திரத்தின் ஆயுளில் இருந்து கழிக்கப்பட்டது என்பதை அந்தப் புகழுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 2002இல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மீண்டும் திறந்தபின் உதிரிப்பாகங்கள் தாராளமாக வரத்தொடங்கின. காலப்போக்கில் வந்து சேர்ந்த புதிய வாகனங்களில் காபரேற்றருக்குப் பதிலாக, கணினி அளந்து எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு இருந்தது. அதில் எழும் கோளாறு பலவற்றை அறிய ஸ்கானர் எனும் கருவியை இணைத்துக் குறியீட்டை வாசிக்கவேண்டியிருப்பதால், காபரேற்றரைக் கழற்றிப் பூட்டிக் கைதேர்ந்தவரும் கராஜை நாட வேண்டியவரானார்.