ஐந்து ஆம்பியர் ஒன்றான அதிசயம்

பட்டறைக்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தால் விடுவேனா! மேற்கு டெல்லியில் ஒரு சந்து. உள்ளே பழைய டெம்போ டிராவலர் ஒன்று புது அவதாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இருக்கைகள் போய், கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வந்தாயிற்று. வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் வண்டிக்காரக் குடும்பம் மணாலிக்குக் கிளம்பியாக வேண்டும். பாக்கி ஒரே வேலைதான்: உள்விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது.

சரக்கு வாங்கும் படலமே தனி திருவிழா. விளக்கு என்றால் டெல்லிக்காரர்களின் கால் தானாகச் சாந்தினி சவுக் பாகீரத் பேலஸுக்குத்தான் போகும். 19ஆம் நூற்றாண்டில் பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த இடம். இன்று அந்தத் தூண்களைச் சுற்றிலும் ஒயர், சுவிட்ச், சரவிளக்கு! ஆனால் எங்களுக்கு வேண்டியது 12 வோல்ட் பல்பு. அதற்கு வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த காஷ்மீரி கேட். கடைக்காரர் முதலில் நீட்டியது 6500 கெல்வின், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. ராத்திரி படுக்கிற இடமாச்சே! 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினோம்.

இனி பட்டறை. மெக்கானிக் உஸ்தாத் முதலில் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு விளக்கின் மூடியைத் திறந்தார். சூடு பட்டுப் பட்டுப் பழுப்பேறிய பிளாஸ்டிக். இரண்டு ஸ்பிரிங் கவ்விகளுக்கு நடுவே குட்டிக் கண்ணாடிக் குழாய், உள்பக்கம் கறுத்துப்போய். அதை உருவிவிட்டு, அதே நீளத்தில் எல்இடியை மாட்டி, ஃப்யூஸைப் போட்டார். எரியவில்லை! எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் சிரித்தபடி பல்பைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட, பளிச்! பழைய பல்புக்கு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் வந்தாலும் கவலையில்லை. எல்இடியோ ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும்.

அடுத்த ரகசியம் இன்னும் ஜோர். 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். என்ஜின் ஓடி பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டையும் தாண்டும். மலிவு எல்இடி அதில் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். அதனால் வோல்டேஜைச் சீராக்கும் சர்க்யூட் உள்ளே இருக்கிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கணக்குக்கு வாருங்கள், அதுதான் தேன்! 10 வாட் பல்பு ஆறு எரிந்தால் 60 வாட், அதாவது 5 ஆம்பியர். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். ஆக, பத்து மணி நேரத்தில் கதை முடிந்தது. 2 வாட் எல்இடி ஆறுக்கு ஒரே ஒரு ஆம்பியர். அதே பாதி பேட்டரியில் ஐம்பது மணி நேரம்!

2015 ஜனவரி 5 அன்று பிரதமர் மோடி இதே டெல்லியின் சவுத் பிளாக்கில் ஒரு பல்பைக் கழற்றி எல்இடி மாட்டித்தான் வீடுகளுக்கு எல்இடி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அங்கே மிச்சமானது கரண்ட் பில். வண்டியில் மிச்சமாவதோ ராத்திரிகள்.

மிச்சத்தைக் குடும்பம் அதற்குள் பங்குபோட ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்குக் குட்டி ஃபேன். பெண்ணுக்கு போன் சார்ஜர். பையன் மெல்ல, “ஒரு ஃப்ரிட்ஜ்?” என்றான்.

உஸ்தாத் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “இன்னொரு பேட்டரியும் வாங்கிட்டு வா பேட்டா, பேசுவோம்!”