கடைசி வாங்கில் ஒரு பெரியவர்



பல்கலைக்கழகங்களில் புதிய அரையாண்டு தொடங்கும் போதெல்லாம் கிராண்ட்பாஸிலும் கொட்டாஞ்சேனையிலும் சில வீடுகளில் ஓசையின்றி ஒரு போராட்டம் நடைபெறுகின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட படிப்பைத் தொடர்வதற்கென ஒரு தாய் பதிவு செய்திருக்கின்றார். எழுதுவினைஞராகவே காலம் கழித்த ஒரு தந்தை வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கின்றார். அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. கட்டணமும் ஒருவாறு சேர்ந்துவிட்டது. ஆயினும் முதல் வகுப்புக்குச் செல்லக் கால் எழுவதில்லை. தம் பிள்ளையின் வயதுடையோர் நடுவே எவ்வாறு அமர்வது? "இந்த வயதில் இது எதற்கு?" என்று அயலார் கேட்கும் முன்னரே அக்கேள்வி உள்ளத்தில் எழுந்து விடுகின்றது.

இவ்வாறு பிந்தி வருவோர் பெரும்பாலும் சோம்பலினால் பிந்தியவர்கள் அல்லர். 1970களின் தரப்படுத்தலால் கதவு மூடப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். 1983 யூலையில் வீட்டோடு பாடப்புத்தகங்களையும் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் இருக்கின்றார்கள். தம்பி தங்கையரின் படிப்புக்காக மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்களாக உழைத்துத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! உயர்தரத்தில் சித்தியடைந்தும் இடம் கிடைக்காதோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். நாவலையில் 1980 ஆம் ஆண்டு திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதன் பயன், வேலை செய்துகொண்டே படிக்க வேண்டிய இத்தகையோருக்கும் கிட்டி வருகின்றது.

இவர்களுக்கு எடுத்துக்காட்டாக வெளிநாட்டுப் புனிதரை மட்டுமே தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில் 1913 ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளார் நம்மவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்னர் இங்கே பொரளை புனித பேர்னாட் குருமடத்திலும், அதன்பின் உரோமாபுரியிலும் பயின்று 1938 இல் குருவானார். உரோமையில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இலத்தீன் முதலாய ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். இவற்றோடு நின்றிருந்தாலும் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் 1940 இல் அவர் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்குத் துணைத் தலைமையாசிரியராகச் சென்றார். அங்கே தம் குறை அவருக்கே புலப்பட்டது. அயல்மொழி இலக்கியங்களை அறிந்திருந்த தமக்குத் தாய்மொழியின் பழைய இலக்கியங்களில் முறையான பயிற்சி இல்லை என்பதை உணர்ந்தார். பள்ளியில் மேலதிகாரியாக இருந்தபடியே ஒரு பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். அதுவும் போதாதெனக் கண்டு, 1945 இல், தமது 32 ஆவது வயதில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அங்கியணிந்த குரு ஒருவர், அதுவும் ஏற்கெனவே கலாநிதியான ஒருவர், இளைஞர்களோடு இருந்து சங்க இலக்கியம் கற்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். 1949 வரை அங்கே பயின்றார். பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்னும் பொருள் பற்றி அவர் அங்கு செய்த ஆய்வு பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து அறிஞருலகின் கவனத்தைப் பெற்றது.

அத்தோடும் முடியவில்லை. 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்த அவர், நாற்பதைக் கடந்த பின் இலண்டன் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணவராகி, பழந்தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து 1957 இல் இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தவர் இவரே. வடக்கன்குளத்தில் "எனக்கு இது போதும்" என்று அவர் இருந்திருந்தால், அம்மாநாடு அன்று கூடியிருக்குமா என்பது ஐயமே.

இனி வெளிநாட்டுப் புனிதருக்கு வருவோம். லொயோலா இஞ்ஞாசியார் போர்வீரராயிருந்து காயமுற்று மனந்திரும்பிய கதையை நாம் அடிக்கடி கேட்டிருக்கின்றோம்; அவர் பட்ட படிப்புச் சிரமத்தை மறைக்கல்வி வகுப்பில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. 1524 இல் 33 வயதில் பார்சலோனா நகரில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணத்தின் அரிச்சுவடியைத் தொடங்கினார். வினைச்சொற்களை மனனம் செய்ய முயலும் போதெல்லாம் பக்தி எண்ணங்களும் புதிய ஞான ஒளியும் பெருகி வந்து பாடத்தைக் கெடுத்தன. செபத்தில் வராத ஆறுதல் படிக்கும் வேளையில் மட்டும் ஏன் வரவேண்டும் என்று சிந்தித்த அவர், இது சோதனையே என்று தெளிந்தார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று, உண்ண அப்பமும் பருக நீரும் கிடைக்கும் வரையில் இரண்டாண்டுகள் வகுப்புத் தவறேன் என வாக்களித்தார். மற்றச் சிறுவரைப் போலவே தம்மையும் கண்டிக்குமாறு வேண்டினார். படிக்கும் நேரத்தில் படிப்பதே கடவுளுக்கு உகந்தது என்று ஒரு புனிதரே கண்டுகொண்டதை நாம் கவனிக்க வேண்டும். பரீட்சை வாரத்திலும் எல்லா நவநாளுக்கும் வராவிட்டால் பாவம் என்று அஞ்சும் தாய்மாருக்கு இதைச் சற்று அழுத்தியே கூறுகின்றேன்.

பின்னர் அல்கலாவில் அவசரப்பட்டார். தருக்கம், இயற்கை மெய்யியல், இறையியல் அனைத்தையும் ஒருங்கே படிக்க முயன்றதில் எதுவும் நிலைக்கவில்லை. 1528 இல் பாரிஸ் சேர்ந்தபோது அடித்தளம் வலுவற்றிருப்பதை ஏற்றுக்கொண்டு, 37 ஆவது வயதை நெருங்கும் நிலையில், மறுபடியும் சிறுவரோடு இலத்தீன் வகுப்பில் அமர்ந்தார். அங்கே பணமும் போயிற்று. பாதுகாப்பாக வைத்திருக்கும்படி கொடுத்த தொகையை உடன் தங்கியிருந்தவர் செலவழித்துவிட்டார். ஆகவே ஏழைகளுக்கான விடுதி ஒன்றில் இடம் தேடினார். அது கல்லூரிக்குத் தொலைவு. காலையில் அதன் கதவு திறக்குமுன் வகுப்புத் தொடங்கிவிடும். மாலையில் கதவு அடைக்குமுன் திரும்பியாக வேண்டும். இதனால் தொடக்கமும் முடிவும் இல்லாத பாடங்களையே அவர் கேட்க நேர்ந்தது. பொரளைச் சந்தியின் வாகன நெரிசலில் அகப்பட்டு, விரிவுரையின் நடுவில் உள்ளே நுழையும் கிராண்ட்பாஸ் மாணவருக்கு இது புதுமையாக இராது.

தீர்வாக அவர் செய்தது என்ன? விடுமுறையில் பிளாண்டர்ஸ் சென்று அங்கிருந்த ஸ்பானிய வணிகரிடம் ஆண்டு முழுமைக்குமான உதவியை ஒரேமுறையில் பெற்றுவந்தார். நாள்தோறும் பிச்சையெடுப்பதை விடுத்துப் படிப்புக்கு நேரம் ஒதுக்கினார். 1529 இல் புனித பார்பரா கல்லூரியில் அவருக்குக் கிடைத்த அறைத் தோழர் இருவர்: பீற்றர் பேவர், பிரான்சிஸ் சவேரியார். இருவரும் 1506 இல் பிறந்தவர்கள். அவரைவிடப் பதினைந்து ஆண்டு இளையோர். மெய்யியற் பாடத்தில் மூத்தவருக்கு உதவியவர் இளைய பேவரே. இஞ்ஞாசியாரோ அவருக்கு ஆன்மிக வழிகாட்டியானார். 1535 இல் அவர் முதுமாணிப் பட்டச் சான்றிதழைப் பெறுகையில் 43 வயதைத் தாண்டியிருந்தார். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் மனனம் செய்து கற்பித்த சவேரியாரும் அந்த அறையிலிருந்து புறப்பட்டவர் அல்லவா?

இளையவரிடம் கற்பதில் மூத்தோர்க்கு இருக்கும் கூச்சத்தை நற்செய்தியிலும் காண்கின்றோம். இஸ்ராயேலின் போதகராகிய நிக்கதேம் இரவிலே இயேசுவிடம் வந்தார். முதிர்ந்தவர் மீண்டும் பிறப்பது எங்ஙனம் என்று அவர் கேட்டது, நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்வியின் மற்றொரு வடிவமே. இயேசு அவரை வினாவித் திருத்தினாரே தவிர, இருளில் வந்ததற்காகத் திருப்பி அனுப்பவில்லை.

நம் பங்குத் தாய் ஒருவர் அண்மையில் கேட்டார்: "பாதர், மகளின் உயர்தரப் பரீட்சையும் என் பரீட்சையும் ஒரே காலத்தில் வருகின்றன. நான்தானே விட்டுக்கொடுக்க வேண்டும்?" இதற்கு எளிதான விடை இல்லை. எல்லோரும் திரும்பிப் படித்தே ஆகவேண்டும் என்று நான் கூற மாட்டேன். நோயாளியைப் பராமரிப்பவருக்கு அக்கடமையே முதன்மையானது. ஆயினும் விட்டுக்கொடுப்பது எப்போதும் தாயின் பங்காகவே இருக்க வேண்டும் என்று எந்த மறைநூலும் விதிக்கவில்லை. ஓர் அரையாண்டில் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். பதிவையே கைவிட வேண்டியதில்லை என்றேன். அல்கலாவின் அவசரத்தை அவரும் தவிர்க்கட்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கடைத்தெரு மாடிகளில் விளம்பரப் பலகை தொங்கவிட்டு, ஓராண்டிற் பட்டம் என்று அழைக்கும் நிலையங்கள் பெருகியுள்ளன. நகையை அடகு வைக்குமுன், அப்பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்தறியுங்கள். படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் வேண்டாம்.

கணவன்மாரே, பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது சிறிதளவே. நம் தொடர்மாடிகளிலும் தோட்டங்களின் வரிசை வீடுகளிலும் தனி அறை கிடைக்காது. பெரும்பாலும் ஒரே மேசைதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதன் ஒரு பாதியை அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். தொலைக்காட்சி நாடகத்தின் ஒலியைக் குறையுங்கள். பாத்திரங்களை வேறொருவர் கழுவட்டும். ஒப்படை அனுப்ப வேண்டிய நாளில் கைத்தொலைபேசியை அவரிடம் விட்டுவிடுங்கள். இலத்தீன் படித்த மூத்தவருக்குப் பேவர் செய்ததுபோல், கணினியில் தட்டெழுதத் தடுமாறும் அம்மாவுக்கு மகனோ மகளோ பொறுமையோடு அருகிலிருந்து காட்டிக் கொடுக்கலாம். இரண்டாம் முறை கேட்டாலும், மூன்றாம் முறை கேட்டாலும்.