காகிதம் தாமதமானால் சாலை வரி காத்திருக்குமா?

ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1, ஜனவரி 1. கடையநல்லூரில் லாரி வைத்திருப்பவர்கள் காலண்டரில் வட்டமிட வேண்டிய நான்கு நாட்கள் இவை. காலாண்டு வரியின் கணக்கு இந்த நாட்களில்தான் புதிதாகத் தொடங்குகிறது. புளியங்குடி எலுமிச்சையை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியே கேரளம் போகும் வண்டிக்கும் இதே கணக்குதான், உள்ளூரில் நெல் மூட்டை இறக்கும் வண்டிக்கும் இதே கணக்குதான்.

கட்டப் பணம் இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு. ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கெடுவைத் தவறவிடுபவர்களும் இருக்கிறார்கள். இன்சூரன்ஸ் புதுப்பித்தாயிற்று, அது கணினியில் ஏறவில்லை. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு நாள் கிடைக்கவில்லை. கடன் முடிந்தும் ஃபைனான்ஸ் நிறுவனம் என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று தரவில்லை. “பேப்பர் எல்லாம் வரட்டும், சேர்த்துக் கட்டிக்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். அபராதம் தொடங்கும் இடம் அதுதான்.

சுருக்கமான பதில்: வரி காத்திருக்காது. காகிதம் தாமதமானது என்பது வரி கட்டாததற்குக் காரணமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆனால் சட்டம் அலுவலகத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் கெடு வைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாத மறுபக்கம்.

எந்த வண்டிக்கு எந்த வரி?

மோட்டார் வாகன வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டில் 1974ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டப்படி அது வசூலிக்கப்படுகிறது. சொந்த உபயோக பைக், கார்களுக்குப் பதிவின்போதே லைஃப் டாக்ஸ் எனப்படும் ஆயுட்கால வரி கட்டியாகிவிடும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 1 லட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். கார்களுக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை.

ஆகவே சொந்த வண்டிக்காரர் ஆண்டுதோறும் வரி கட்ட ஓட வேண்டியதில்லை. ஆனால் வண்டிக்கு 15 வயதாகும்போது ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். ஆர்.சி. காலாவதியாவதற்கு 60 நாட்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் இருசக்கர வாகனத்துக்கு மாதம் 300 ரூபாய், காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. குடும்பத் தலைவர் வளைகுடாவில் இருக்க, வண்டி மட்டும் வீட்டு வாசலில் நிற்கும் குடும்பங்கள் கடையநல்லூரில் பல. இந்த 15ஆவது ஆண்டு அங்கே சத்தமில்லாமல் கடந்துபோகக்கூடும்.

சரக்கு லாரி, ஒப்பந்த ஊர்தி போன்ற வணிக வாகனங்களின் கதை வேறு. லாரிக்கு எடையையும் பயணிகள் வண்டிக்கு இருக்கையையும் வைத்து வரி. பிரிவைப் பொறுத்து அதைக் காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை கட்ட வேண்டும். 7 ஆண்டைத் தாண்டிய வணிக வாகனங்களுக்குப் பசுமை வரி தனி.

எதற்குப் பின் எது?

வண்டியின் காகிதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. பெர்மிட் புதுப்பிக்க எஃப்.சி. வேண்டும். எஃப்.சி.க்கு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது வேண்டும். இன்சூரன்ஸ் உயிரோடு இல்லை என்று அரசின் ‘வாகன்’ தரவுத்தளம் காட்டினால் அடுத்த வேலை நகர்வது கடினம்.

எனவே முதலில் இன்சூரன்ஸ். அரசு அலுவலகத்தை எதிர்பார்க்காமல் ஒரே நாளில் முடியும் காகிதம் அதுதான். ஆனால் பாலிசி கைக்கு வருவதும், அந்த விவரம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வாகன் தளத்துக்குப் போய்ச் சேருவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. கெடுவுக்கு முந்தின நாள் பாலிசி எடுத்துவிட்டு மறுநாள் வரி கட்ட உட்காருபவர் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். குறைந்தது ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். பாலிசியில் உள்ள பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கணினி அதை வேறு வண்டியாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து புகைச் சான்று. பிறகு வரி. அதன்பின் எஃப்.சி. புதிய வணிக வாகனத்துக்கு முதல் எஃப்.சி. 2 ஆண்டுக்குச் செல்லும். 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். கடைசியில் பெர்மிட். அது காலாவதியாவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 81ஆவது பிரிவு. பழைய இ-சலான் பாக்கி இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தீர்த்துவிடுவது நல்லது.

வரி கட்டக் கெடு முடிந்த பிறகும் சில சலுகை நாட்கள் உண்டு என்ற நம்பிக்கையில் தேதியைத் தள்ளாதீர்கள். காகிதத்தில் ஏதேனும் சிக்கல் வந்தால் அதைச் சரிசெய்யத்தான் அந்த நாட்கள் உதவும்.

அலுவலகத்துக்கும் கெடு உண்டு

இந்தப் பகுதிச் சாலைகளில் தென்காசியின் டி.என். 76, சங்கரன்கோவிலின் டி.என். 79 எண்களோடு கேரளப் பதிவு வண்டிகளும் ஓடுகின்றன. அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. தேவை. இங்கே வரி கட்டிப் பதிவு முடித்த பின், அங்கே கட்டியதில் மிச்சமுள்ள காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்கலாம்.

அந்த என்.ஓ.சி. வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்று பலரும் புலம்புவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆவது பிரிவைப் பாருங்கள். விண்ணப்பம் வந்ததும் அலுவலகம் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். 30 நாட்களுக்குள் கொடுக்கவோ, காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் என்.ஓ.சி. வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. பெர்மிட் புதுப்பிக்கவும், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றவும் அதன் சம்மதம் கேட்டு விண்ணப்பித்தால், 7 நாட்களுக்குள் தர வேண்டும் அல்லது காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் கொடுத்ததாகவே பொருள் என்கிறது 51ஆவது பிரிவு.

இந்தப் பிரிவுகள் வேலை செய்ய ஒரு நிபந்தனை: விண்ணப்பித்த தேதிக்குச் சான்று கையில் இருக்க வேண்டும். போனில் கேட்டதும், தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்பியதும் கணக்கில் வராது. இணைய விண்ணப்பத்தின் எண், பதிவுத் தபால் ரசீது, முத்திரையிட்ட நகல், இவற்றில் ஒன்று வேண்டும். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஓடாத வண்டிக்கும் வரியா?

எஃப்.சி. இல்லாமல் ஷெட்டில் நிற்கும் லாரிக்கு வரி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வண்டி ஓடவில்லை என்பது உரிமையாளருக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. அதனால் நிறுத்தி வைக்கப் போவதைக் காலாண்டு தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து “ஓடவே இல்லை” என்று சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

2025 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடிய வாகனங்களுக்கு ஆந்திர அரசு வரி கேட்டிருந்தது. பொது இடத்தில் பயன்படுத்தாத, பயன்படுத்த வைத்திருக்காத காலத்துக்கு வரி கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அது ஆந்திரச் சட்டத்தின் வாசகத்தை ஒட்டிய தீர்ப்பு. மேலும், வண்டிகள் வெளியே வர வழியில்லாத வளாகம் என்பது அங்கே ஐயமின்றி நிறுவப்பட்டது. கடையநல்லூரில் வீட்டோரம் நிற்கும் வண்டிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

ஓடாத வண்டியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது பிரிட்டனிலும் விதிதான், இன்னும் கறாராக. வண்டியைச் சாலையில் ஓட்டப் போவதில்லை என்று முறைப்படி அறிவிக்காவிட்டால் 80 பவுண்டு அபராதம் தானாகவே வந்து சேரும். 1921 முதல் கண்ணாடியில் ஒட்டிவந்த காகித வரி வில்லையை 2014 அக்டோபர் 1 அன்று அவர்கள் கைவிட்டார்கள். காகிதம் போய்விட்டது, கெடு போகவில்லை.

கொரோனா காலத்தில் நடந்தது

காகிதமும் வரியும் தனித்தனி என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 30 அன்று, பிப்ரவரி 1க்குப் பின் காலாவதியான எஃப்.சி., பெர்மிட், ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று ஆகியவற்றை ஜூன் 30 வரை செல்லுபடியாகக் கொள்ளும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவுறுத்தியது. அந்தச் சலுகை படிப்படியாக 2021 அக்டோபர் 31 வரை நீண்டது. வரிக்கு அது பொருந்தவில்லை. வரி மாநிலத்தின் வசம் இருப்பதால், அதற்கான அவகாசத்தை மாநில அரசு தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. இனியும் ஏதாவது ‘கால நீட்டிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அது எந்தக் காகிதத்துக்கு, அறிவித்தது யார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

பணம் போய் ரசீது வராவிட்டால்?

பரிவாகன் தளத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டும்போது வங்கியில் பணம் கழிந்து, ரசீது வராமல் போவதுண்டு. உடனே மறுபடி கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி அந்தத் தளத்திலேயே உள்ளது. வங்கிக் குறிப்பு எண்ணையும் திரையின் படத்தையும் தேதியோடு எடுத்து வையுங்கள். ரசீது வந்ததும், வரி எந்தத் தேதி வரை என்று வாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தத் தேதியைப் பார்ப்பது அவசியம். பாக்கியை அடைத்த பிறகுதான் பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேச முடியும்.

உரிமையாளர் கெடுவைத் தவறவிட்டால் கணினியே அபராதத்தைக் கூட்டிவிடும். அலுவலகம் கெடுவைத் தவறவிட்டால் எந்தக் கணினியும் தானாக எதையும் செய்யாது. தேதி போட்ட ஒப்புகையோடு நீங்கள் போய் நின்றால்தான் 30 நாளுக்கும் 7 நாளுக்கும் அர்த்தம் பிறக்கும். அதனால் வரியை வரிக்குரிய நாளில் கட்டிவிடுங்கள். காகிதத்துக்கான சண்டையை ஒப்புகைச் சீட்டை வைத்துத் தனியாக நடத்துங்கள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் நட்டம் வண்டிக்காரருக்குத்தான்.