விடுப்புக்கு முந்தைய மாதங்கள்

சாலையோரம் பள்ளம் வெட்டும் தினக்கூலிப் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு உண்டா என்ற கேள்வி, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது. டில்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலி வருகைப் பட்டியலில், இருந்த பெண்களுக்காகத் தொழிற்சங்கம் வழக்காடியது. அவர்கள் நிரந்தரப் பணியாளர்கள் அல்ல என்று மாநகராட்சி கடைசிவரை மல்லுக்கு நின்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது. மகளிர் தினத்தில் என்பது தற்செயலோ என்னவோ. பிறகு 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. தமிழ்நாடு அரசு 2021 முதல் தன் ஊழியர்களுக்கு 12 மாதம் தருகிறது. விடுப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. விடுப்பில் போகும்வரை அந்தப் பெண் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் பேச்சில் வருவதில்லை.

சட்டம் அதை மறக்கவில்லை. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம். இந்தக் காலத்தில் வேலைக்கு வரும் பெண் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ, நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்கிறது. அப்படி வேலையை மாற்றியதற்காகக் கூலியில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு தொடங்குவதே ஏறக்குறைய 30ஆவது வாரத்தில்தான். மசக்கையில் தலை சுற்றும் முதல் மூன்று மாதம் இதற்குள் வராது. தூய்மைப் பணியாளரை நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் குனிந்து பெருக்க வேண்டும், நிரம்பிய தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும், வெறும் வயிற்றில் ஈரக் குப்பையின் வாடையைத் தாங்க வேண்டும். தெருவே பணியிடம் என்பதால் கழிப்பறையும் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்றுதான் மிச்சம். சலுகையை அவரே வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு ஓட்டை. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது வருகை போடும் மேஸ்திரியின் கையில் இருக்கும்போது, எந்தத் தினக்கூலிப் பெண் கேட்பார்? கருவுற்றதைச் சொன்ன நாளிலேயே, கேட்காமலே, வேலை மாற வேண்டும்.

ஆளே பற்றாத வார்டில் ஒருவருக்கு இலகுவான வேலை கொடுத்தால் சுமை மற்றவர் தலையில்தானே விழும் என்பார்கள். மாற்று ஆள் போடாவிட்டால் விழும்தான்; அந்த முணுமுணுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் காய்ச்சலைப் போல இது திடீரென்று வருவதல்ல. மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். கிடங்கில் பொருள் வழங்குவது, பதிவேடு எழுதுவது, குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லித் தருவது என்று உட்கார்ந்து பார்க்கும் வேலைகளும் எந்த நகராட்சியிலும் உண்டு.

இதைவிட வலுவான சாக்கு, தூய்மைப் பணியாளர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. நேரடியாகவோ, ஏதேனும் முகமை வழியாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்றுதான் ‘பெண்’ என்ற சொல்லுக்கே 1961 சட்டம் பொருள் சொன்னது. உள்ளாட்சி அமைப்பில் முதலாளி யார் என்பதையும் சொல்லிவிட்டது: ஊழியர்களை மேற்பார்வையிட நியமிக்கப்பட்டவர், அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த அமைப்பின் தலைமை நிர்வாக அலுவலர். வண்டி எத்தனை, தொட்டி எத்தனை என்று டெண்டரில் எழுதும் கை, கர்ப்பிணிக்கு மாற்று வேலை, குறையாத கூலி என்று இன்னும் இரண்டு வரி எழுதலாம். உங்கள் ஊர் டெண்டரில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள்.