விபத்து நேர்ந்த பின்

சாலையில் ஒரு மோதல் நேர்ந்த மறுகணமே, காரை ஓட்டி வந்தவர் எத்துணைப் படித்தவராயினும், எத்துணை நிதானசாலியாயினும், அவர் நெஞ்சில் முதலில் எழுகிற எண்ணம் அவ்விடத்தை விட்டு அகன்றுவிட வேண்டும் என்பதாகவே இருக்கிறது. நாலா பக்கமும் ஓடிவரும் ஜனங்களின் கோபம், போலீஸ், கோர்ட்டு, லைசென்ஸ் பறிபோகுமோ என்ற கவலை, வீட்டாருக்கு என்ன சொல்வது என்ற திகைப்பு ஆகிய எல்லாம் ஒரே நொடியில் திரண்டு வந்து அறிவை மறைத்துவிடுகின்றன. பயம் உயிர்களின் ஸ்வபாவம்; அதற்காக எவரையும் நிந்திப்பதற்கில்லை. எனினும், இரத்தம் சிந்திக் கிடப்பவருக்கு அந்த வேளையில் மிக அருகில் இருக்கும் மனிதர் அந்த ஓட்டுநரே. விபத்துக்குப் பின் செய்ய வேண்டியவை பல உண்டு. அவர் அங்கே நின்றாலன்றி அவற்றுள் ஒன்றும் நடவாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் முதற் கடமையாக வைக்கிறது. அச்சட்டத்தை இயற்றியவர்கள் நம் தேசத்துச் சாலைகளை அறியாதவர்களல்லர். கூட்டத்தின் ஆவேசத்தால் உதவி செய்வது இயலாதானால் அக்கடமை கட்டாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி உதவ இயலாமல் அகன்று போனவரும் மறைந்திருக்கலாகாது. கூடிய சீக்கிரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் நடந்ததையும், உதவி செய்ய முடியாமற் போன காரணத்தையும் தெரிவித்துவிட வேண்டும். உயிருக்கு அஞ்சி விலகியவருக்கும் பொறுப்புக்கு அஞ்சி ஓடியவருக்கும் உள்ள வேற்றுமையை இந்த ஓர் அறிக்கை காட்டிவிடுகிறது.

அடிபட்ட பின் செல்லும் முதல் ஒரு மணி நேரம் உயிர் காக்கும் நேரமென்று வைத்தியர்கள் சொல்வதைச் சட்டமும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஏற்றுக்கொண்டது. இஞ்சினை நிறுத்தி, நான்கு விளக்குகளும் விட்டு விட்டு எரியும்படி செய்து, பின்னால் வரும் லாரியோ பஸ்ஸோ மறுபடியும் வந்து மோதாதபடி தக்க தூரத்தில் முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்துவிட்டு, 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். இருக்கும் இடத்தை ஊர்ப் பெயராலும் மைல்கல்லாலும் பக்கத்துப் பெட்ரோல் பங்க்காலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணும் உண்டு.

ஆம்புலன்ஸ் வருமுன் நல்லெண்ணத்தாலேயே பல தீங்குகள் நேர்ந்துவிடுகின்றன. யாரேனும் ஒருவர் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்து, பாதி நினைவோடு கிடப்பவர் வாயில் ஊற்றுவார். அது மூச்சுக்குழலில் இறங்கலாம், உடனடியாகச் சத்திர சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் இடையூறாகலாம். மற்றொருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவார். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்தத் தூக்கலிலேயே வாழ்நாள் முழுதும் எழமுடியாத நிலை வந்துவிடக்கூடும். தீயோ, மீண்டும் மோதும் அபாயமோ இருந்தாலன்றி அவரை அசைக்கலாகாது. மூச்சு அடைபட்டாலன்றி ஹெல்மெட்டைக் கழற்றலாகாது. பெருகும் இரத்தத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பது, பேச்சுக் கொடுத்து நினைவைத் தக்க வைப்பது ஆகிய இவ்விரண்டையும் எவரும் செய்யலாம்.

பார்த்து நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவப் போனால் சாட்சியாக அலைய நேரும் என்று ஒதுங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் விதிகளுக்குச் சட்ட பலம் அளித்தது. பின்னர் 134ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. இன்று ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. முதலில் கேஸ் எழுதட்டும் என்று டாக்டர் காத்திருக்கலாகாதென்பதோ 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். தமிழ்நாட்டில், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகைக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது. வெளி மாநிலத்தவராயினும் வேற்றுமை இல்லை. ஆகவே, முன்பணத்துக்கு எங்கே போவது என்ற தயக்கத்தில் ஒரு நிமிஷமும் வீணாக வேண்டியதில்லை.

காயமுற்றவரை அனுப்பிய பின், வண்டிகள் நின்ற நிலையையும், டயர் தேய்ந்த தடங்களையும், எண் பலகைகளையும் படம் எடுத்து வைப்பது நலம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தெரிவித்துவிட வேண்டும். சர்வேயர் பார்வையிடும் முன் காரைப் பிரித்து வேலை தொடங்கினால் நஷ்டஈடு கிடைப்பதில் சிக்கல் உண்டாகும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, அந்த இடத்திலேயே நடந்துவிடும் சமாதானப் பேச்சுத்தான். “கேஸெல்லாம் எதுக்கு சார், ஏதாச்சும் கொடுத்துட்டுப் போங்க” என்று நாலு பேர் நடுவில் நின்று பேசி முடிக்க, சில ஆயிரங்கள் கைமாறுகின்றன. பம்பர் நசுங்கியதற்கு அது போதும். மனிதர் விழுந்திருந்தால், தலைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டக்கூடும், அப்போது எப்.ஐ.ஆர். இராது, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் உண்மைக் காரணம் இராது, நஷ்டஈடு கேட்பதற்கு ஆதாரம் ஒன்றும் இராது.

விபத்தை உண்டாக்கிய வண்டி இன்னதென்று தெரியாமலே போய்விட்டால், இறந்தவர் குடும்பத்துக்குச் சட்டம் தருவது 2 லட்சம் ரூபாய், படுகாயமுற்றவருக்கு 50,000. வண்டி அடையாளம் தெரிந்து, தவறு ஓட்டுநருடையது என்றும் நிரூபணமானால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் கணக்கிட்டுத் தொகை விதிக்கும். காப்பீடு முறையாக இருக்குமானால் அதைக் கொடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியே. நின்ற ஓட்டுநரின் சொத்து அழிவதில்லை. ஓடிய ஓட்டுநரோ ஒரு விதவையின் பல வருஷ ஜீவனத்தையும் உடன் எடுத்துச் சென்றுவிடுகிறார். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும் மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. துக்கத்தில் ஆழ்ந்த வீட்டில் அந்தக் கெடு யாருக்கும் நினைவிராது. ஆதலால், பாலிஸி எண்ணையும் கம்பெனியின் பெயரையும் அக்குடும்பத்தார் கேட்கும் வரை காத்திராமல், ஓட்டுநரே ஒரு தாளில் எழுதி, முதல் வாரத்திலேயே, தாமே போக முடியாவிட்டால் போலீஸ் நிலையத்தின் மூலமாகவேனும், அவர்கள் கையில் சேர்த்துவிடுவது நன்று.