தேனீயும் பயிரும் – 14: தேனீக்களைக் கொல்லும் பூமரங்கள்

எல்லாப் பூவும் தேனீக்கு உணவாகிவிடுவதில்லை. சில மரங்களின் மதுரமும் மகரந்தமும் வளர்ந்த தேனீயைக் கொல்கின்றன. சில, வளர்ந்த தேனீக்குப் பெரிய தீங்கு செய்யாமல் அடையிலுள்ள புழுக்களை அழிக்கின்றன. இன்னும் சில பூக்களால் தேனீக்குக் கேடில்லை. அவற்றின் தேனை உண்ட மனிதருக்குத்தான் தலை சுற்றுகிறது. முதல் இரண்டு வகைகளை மட்டும் இந்த வாரம் காணலாம்.

பூவில் நஞ்சு சேர்வதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. இலையைத் தின்னும் பூச்சிகளிடமிருந்து தப்ப மரம் உண்டாக்கும் ஆல்கலாய்டு, சபோனின் போன்ற பொருள்கள் பூவுக்கும் வந்து சேர்வது ஒன்று. மகரந்தச் சேர்க்கைக்கு உதவாமல் மதுரத்தை மட்டும் உறிஞ்சிச் செல்லும் பூச்சிகளை விலக்குவது இரண்டாவது. மூன்றாவது, தேனீயால் செரிக்க முடியாத சர்க்கரை. மேனோஸ் என்னும் சர்க்கரை தேனீயின் உடலுக்குள் சென்றால் பாதி மாற்றமடைந்த நிலையில் தேங்கிவிடுகிறது. அதை அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்லும் நொதி தேனீயிடம் மிகக் குறைவு. உடலின் ஆற்றல் தீர்ந்து தேனீ விழுகிறது. ஆல்பெர்ட்டோ சோல்ஸ் குழுவினர் 1960-இல் இதை விளக்கினர்.

ஆப்பிரிக்கத் துலிப் மரம்

இந்த வரிசையில் தமிழகத்தார் கண்ணில் அதிகம் படுவது ஆப்பிரிக்கத் துலிப் மரம். தாவரவியல் பெயர் ஸ்பாத்தோடியா கம்பானுலேட்டா. தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. அழகுக்காகப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நடப்பட்டு இந்தியாவில் பரவியது. பெங்களூரிலும் மலைப்பாதைகளிலும் நிறையக் காணலாம். செந்நிறப் பூவால் தொலைவில் குல்மொகர் போலத் தோன்றும். ஆனால் இதன் பூ கிண்ணம் போலக் குழிந்து மேல்நோக்கி நிற்கும். மொட்டுக்குள் நீர் நிறைந்திருக்கும். சிறுவர்கள் அதை அழுத்திப் பீய்ச்சி விளையாடுவார்கள்.

இந்தப் பூக்களுக்குள் பூச்சிகள் செத்துக் கிடப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்துவருகிறார்கள். இறந்தவற்றில் பெரும்பகுதி கொடுக்கில்லாத் தேனீக்கள். மெலிப்போனா இனத் தேனீக்களுக்கு இதன் மதுரத்தையும் மகரந்தத்தையும் கொடுத்த ஆய்வு 2014-இல் வெளியானது. அவற்றை உண்ட பணித்தேனீக்களின் ஆயுள் குறைந்தது. இம்மரத்துக்கு மகரந்தச் சேர்க்கை செய்பவை முக்கியமாகப் பறவைகள் என்பதால், சிறு பூச்சிகள் மடிவதால் மரத்துக்கு இழப்பில்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இது உள்ளது. பிரேசிலின் சாண்டா கத்தரினா மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றி, இம்மரக்கன்றை உற்பத்தி செய்வதையும் நடுவதையும் தடை செய்தது.

தமிழகத்தின் கொசுத்தேனீ, பிரேசிலின் கொடுக்கில்லாத் தேனீக்களுக்கு உறவு. சுவர்ப் பொந்துகளிலும் மரப் பொந்துகளிலும் வாழும் இத்தேனீயை வளர்ப்போர், கூட்டுக்கு அருகே இந்த மரத்தை வைக்காமலிருப்பது நல்லது.

புழுவைக் கொல்லும் மரங்கள்

கலிபோர்னியாவின் பக்கை மரம் பூக்கும்போது கூட்டில் புழுக்கள் மடிகின்றன. பிழைத்து வெளிவரும் இளந்தேனீக்கள் சிறகு குறைந்து ஊனமாகப் பிறக்கின்றன. 1926-இலேயே கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இதுபற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. பூக்கும் பருவம் தொடங்குமுன் பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்றுவதே அங்குள்ளோர் கண்ட தீர்வு. சீனாவில் எண்ணெய்க்காக வளர்க்கப்படும் கேமெலியா மரத்தின் மதுரமும் புழுக்களைக் கொல்கிறது. அதிலுள்ள கேலக்டோஸ் வகைச் சர்க்கரைகளே காரணம். அதே இனத்தைச் சேர்ந்த தேயிலைப் பூவின் மதுரமும் தேனீக்கு நஞ்சாகிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினர். தோட்டங்களில் கொழுந்தை ஓயாமல் கிள்ளிக் கவாத்தும் செய்வதால் தேயிலைச் செடி அதிகம் பூப்பதில்லை. பராமரிப்பின்றி விடப்பட்ட தோட்டங்களில்தான் கவனம் தேவை.

ஒரு தேனீயினத்துக்கு நஞ்சாவது இன்னொன்றுக்கும் நஞ்சாக வேண்டும் என்பதில்லை. அயர்லாந்தில் பரவிய ரோடோடென்ட்ரான் செடியின் மதுரத்திலுள்ள கிரேயனோடாக்சின், பெட்டியில் வளரும் ஐரோப்பியத் தேனீயைச் சில மணி நேரத்தில் கொல்கிறது. அதே அளவு உண்ட பெருந்தேனீ (பம்பிள் பீ) பிழைத்துக்கொள்கிறது. மரத்தின் மீது பழி தவறாக விழுவதும் உண்டு. ஐரோப்பாவின் வெள்ளி லிண்டன் மரத்தடியில் பெருந்தேனீக்கள் செத்துக் கிடப்பதற்கு அதன் மதுரத்திலுள்ள மேனோஸ் காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2017-இல் சான்றுகளை மறுபரிசீலனை செய்தபோது அந்த முடிவுக்கு ஆதாரம் நிற்கவில்லை. பருவ முடிவில் மதுரம் குறைந்து தேனீக்கள் பட்டினியால் விழுவதும் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நல்லூர் வட்டாரத்தில்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பகுதியில் தேனீக்கு உணவு தருபவை பெரும்பாலும் முந்திரி, வேம்பு, புங்கன், புளி, தைலமரம். இவை தேனீயைக் கொல்லும் மரங்களாக அறியப்பட்டவை அல்ல. தை முதல் பங்குனி வரை பூக்கும் முந்திரிக்குப் பூச்சிகளின் வருகை அவசியம். காய்ப்பிடிப்பு அதைப் பொறுத்தது. எனவே முந்திரிப் பூ நாளில் பெட்டியருகே தேனீக்கள் குவியலாக இறந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சிமருந்தைத்தான். தளிரையும் பூங்கொத்தையும் தாக்கும் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிக்கும் காலமும் பூக்கும் காலமும் ஒன்றாக வருவதே சிக்கல்.

பூச்சிமருந்தால் வரும் சாவையும் பூவின் நஞ்சால் வரும் சாவையும் பிரித்தறியச் சில குறிகள் உண்டு. பூச்சிமருந்தானால் ஓரிரு நாளில் ஏராளமான தேனீக்கள் ஒன்றாக விழும். பல, உறிஞ்சுகுழல் வெளியே நீண்டபடி கிடக்கும். அக்கம்பக்கத்துப் பெட்டிகளும் சேர்ந்தே பாதிக்கப்படும். பூவின் நஞ்சானால் சாவு வாரக்கணக்கில் நீளும், ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்ப வரும், பூ முடிந்ததும் நிற்கும். இறந்த பூச்சிகள் பூவுக்குள்ளோ மரத்தடியிலோ காணப்படும். ஐயம் தீர, புதிதாக இறந்த தேனீக்களைச் சேகரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

முந்திரிக்கு மருந்தடிப்போர் பூக்கள் விரியுமுன் அடித்து முடிப்பதும், தவிர்க்க முடியாதபோது தேனீக்கள் அடங்கிய மாலையில் அடிப்பதும், முந்தைய நாளே பெட்டி வைத்திருப்போருக்குச் சொல்வதும் இன்றியமையாதவை. தோப்போரத்தில் நிழலுக்கு மரம் வைப்போர் துலிப் மரத்தை விட்டு வேம்பையும் புங்கனையும் நடட்டும்.

(தொடரும்)