பெயரில்லாப் படைப்பு

ஃபிராங்கன்ஸ்டைன் என்றவுடன், தட்டையான தலையும் கழுத்தில் இரும்பு முளைகளும் கொண்ட ஓர் அரக்க உருவமே பலர் நினைவுக்கு வரும். அவ்வுருவத்தை உலகின் மனத்தில் பதித்தது 1931ஆம் ஆண்டு வெளிவந்த ஹாலிவுட் திரைப்படமாகும். அந்நினைவோடு மேரி ஷெல்லியின் புதினத்தை முதன்முறையாகப் படிப்போர் திகைப்பர். நூலில் அது அரக்கனின் பெயரன்று. அவனை உருவாக்கிய விக்டர் என்னும் மாணவனின் குடும்பப் பெயர். உருவாக்கப்பட்டவனுக்கோ இறுதிவரை பெயரே இல்லை.

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துச் சிதறியது. வளிமண்டலத்தில் பரவிய நுண்துகள்கள் கதிரொளியைத் தடுத்தமையால், 1816இல் ஐரோப்பா கோடையையே காணவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த கவிஞர் பைரனும் நண்பர்களும் மழையால் வீட்டுக்குள் முடங்கினர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். அக்குழுவில் இருந்த மேரிக்கு அப்போது வயது 18. இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி முன்பே காட்டியிருந்தார். மின்சாரத்துக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு குறித்து அக்கால அறிஞர்கள் பெரிதும் விவாதித்தனர். பேயை விடுத்து அறிவியலைப் பற்றிக்கொண்ட மேரியின் கதை, 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது.

நூல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. வடதுருவம் நோக்கிச் செல்லும் வால்டன் என்பவர் தம் தமக்கைக்கு எழுதும் நான்கு கடிதங்களே தொடக்கம். இங்கே சற்றுப் பொறுமை வேண்டும். உயிரூட்டும் காட்சியும் எதிர்பார்ப்பதுபோல் இல்லை: இடியில்லை, மின்னலில்லை, மழைத்தூறலும் அணையப்போகும் மெழுகுவத்தியும் மட்டுமே. கண் திறந்த படைப்பைக் கண்டு அஞ்சிய விக்டர், அறையை விட்டு ஓடிவிடுகிறான்.

கைவிடப்பட்டவன் தன் கதையைத் தானே கூறும் நடுப்பகுதியே நூலின் உயிர்நாடி. ஒரு குடிலை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து, சுவரின் இடுக்கு வழியே ஓர் ஏழைக் குடும்பத்தை அவன் பார்க்கிறான். அவர்கள் பேசக் கேட்டே மொழியைக் கற்கிறான். இரவில் அவர்களுக்காக விறகு சேர்த்து வைக்கிறான். கண்டெடுத்த நூல்களைப் படித்துக் கண்ணீர் விடுகிறான். ஒருநாள் துணிந்து, பார்வையற்ற முதியவரிடம் பேசுகிறான். அவர் பரிவோடு பதிலளிக்கிறார். பார்வையுள்ள மகனோ வந்தவுடன் தடியால் அடித்து விரட்டுகிறான். அதன்பின் அவன் செய்யும் கொலைகளை மன்னிக்க இயலாது. எனினும் அவனை வெறுப்பதும் எளிதன்று.

தனக்கு ஒரு துணையைப் படைத்துத் தருமாறு அவன் கேட்கிறான். விக்டர் இசைந்து, பாதியில் அதனைச் சிதைக்கிறான். அவன் இனம் பெருகினால் மனிதகுலம் என்னாகும் என்பது விக்டரின் அச்சம். இருவர் வழக்கும் வலுவுடையதே.

இவ்வழக்கைக் கேட்பவர் வால்டன். அவருடைய கப்பலோ பனிக்கட்டிகளிடையே சிக்கியுள்ளது. மாலுமிகள் ஊர் திரும்ப வேண்டுகின்றனர். புகழா, உடன்வந்தோர் உயிரா என்னும் கேள்விக்கு அவர் கண்ட விடையை நூலின் கடைசிப் பக்கங்களில் காணலாம்.